எதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள்

சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தின் கதவை அடைத்த பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. மறுநாள் மன்னிப்பு ஞாயிறு. பெருநோன்பு தொடங்கும் முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் நாள். ஞாயிறன்று அவரவர் தங்கள் குடும்பத்தோடு இருப்பார்கள் என்பதால், யாம்போல் நகரத்தின் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முதல் நாளே அதை முடித்துவிடுவது வழக்கம். வரவேற்பு மேசையில் உட்காரும் கின்கா, அக்ரூட் பருப்பு பதித்த வெள்ளை அல்வாவைக் கட்டியாக வாங்கி வருவாள். கத்தியால் உடைத்துத் தட்டில் பரப்புவாள். இளையவர்கள் மூத்தவர்களிடம் போய் "மன்னிச்சிருங்க" என்பார்கள். மூத்தவர்கள் "மன்னிச்சாச்சு, கடவுளும் மன்னிக்கட்டும்" என்பார்கள். பிறகு கை ஒட்ட ஒட்ட அல்வா. அப்புறம் வீடு.

இந்த வருடம் எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரணம் செவ்தலினா. முதலாளி மருத்துவர் ஒக்னியான் மேல் அவள் தலைநகர் சோபியாவிலுள்ள பாகுபாட்டுத் தடுப்பு ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தாள். வழக்கு நடந்துகொண்டிருந்தது. யார் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

செவ்தலினா அங்கே பதினோரு வருடமாக முன்னறையில் ரத்தம் எடுத்தவள். ஒக்னியானின் அப்பா இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்தாரா ஸாகொராவில் மருத்துவக் கல்லூரியில் ஆய்வகப் படிப்பு முடித்து வந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊரார் ஜிப்சி என்று இழிவாகச் சொல்லும் ரோமாக்கள் வாழும் குடியிருப்பில் இருந்து அப்படிப் படித்து வந்தவர்கள் அதிகம் இல்லை. அப்பா போய் மகன் வந்த பிறகும் எதுவும் மாறவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஓய்வூதியர் சங்கம் ஒன்று தன் ஆட்களை மொத்தமாக இங்கே அனுப்பத் தொடங்கியது. அவர்களில் மூன்று பேர் கின்காவின் மேசையில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தக்கூட இல்லாமல், "அந்த ஜிப்சிக்காரி கையில என் கையைக் கொடுக்க மாட்டேன்" என்றார்கள்.

ஒக்னியான் யாரோடும் சண்டை போடத் தெரியாதவர். உணவகத்தில் தப்பான சூப்பு வந்தாலும் அதையே குடித்துவிட்டு வருகிற ஆள். செவ்தலினாவைக் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்க பின்னறையில இருங்க. அங்கயும் ஆள் வேணும்ல" என்றார்.

பின்னறையில் ஜன்னல் கிடையாது. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற எந்திரம் ஒன்று, குளிர்பெட்டி ஒன்று, குழாய்களை அடுக்கும் தட்டுகள். ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி. மூடியின் நிறத்தைப் பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். கொஞ்ச நாள் என்றது இலை உதிர்ந்து பனி விழும் வரை நீண்டது. முன்னறையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்தாள்.

"சம்பளம் குறைச்சானா?" என்று கேட்டான் செவ்தலினாவின் கணவன் அசேன். அவன் லாரிகளுக்கு டயர் மாற்றுகிற கடையில் வேலை செய்பவன்.

"இல்ல."

"திட்டினானா?"

"இல்ல. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார்."

"உட்கார்ந்து செய்யற வேலை. மழையில நிக்க வேண்டாம். டயர் தூக்க வேண்டாம். நானா இருந்தா அவனுக்கு மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருப்பேன்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருநாள் குடியிருப்பிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் ரத்தம் கொடுக்க வந்து, "எங்க செவ்தா இருக்காங்களா?" என்று கேட்டாள். பின்னறையில் இருந்த செவ்தலினாவுக்கு அது கேட்டது. கின்கா, "உள்ள இருக்காங்கம்மா, இப்ப அவங்க எடுக்கறதில்ல" என்றாள். "ஏன், ஏதாவது தப்புப் பண்ணிட்டாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கின்கா அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஊதா மூடிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு மூடியைச் செருகிவிட்டோம் என்பது செவ்தலினாவுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வாரமே புகார் எழுதினாள். சோபியாவில் இப்படிப்பட்ட வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தும் ஓர் அமைப்பில் ரலிட்சா என்ற இளம் வக்கீல் கிடைத்தாள். வேகமாகப் பேசுகிறவள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று முதல் நாளே கேட்டாள். "என் நாற்காலி" என்றாள் செவ்தலினா. ரலிட்சா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஒக்னியானின் வக்கீல் ஆணையத்துக்கு அனுப்பிய பதிலில், வேலைப் பங்கீட்டின் தேவைக்காகவே இடம் மாற்றினோம், வேறு காரணம் எதுவும் இல்லை என்று இருந்தது. அதைப் படித்த அன்று செவ்தலினா ஒரு வாய் சாப்பிடவில்லை. நோயாளிகள் சொன்னதைக் கின்கா கேட்டிருந்தாள். ஆனால் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கையில் கின்கா சாட்சி சொல்வாளா? "கேக்காதடி, நான் கோழை" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

கின்கா அல்வாவை உடைத்தாள். கத்தி தட்டில் பட்டு ஓசை எழுந்தது. முன்னறைப் பெண் கின்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். கின்கா மன்னித்தாள். ஓட்டுநர் செவ்தலினாவிடம் வந்து, ஒருமுறை குளிர்பெட்டியை மூட மறந்ததற்காகக் கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே மன்னித்தாள். பிறகு ஒக்னியான் அறையின் குறுக்கே நடந்து வந்தார். அவர் செவ்தலினாவைவிடச் சின்னவர். அதனால் கேட்க வேண்டியவர் அவர்தான். எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் கேட்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

அவர் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"செவ்தா அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் அதோடுதான் நிறுத்துவார்கள். அவர் நிறுத்தவில்லை. "ஜிப்சிக்குக் கையைத் தர மாட்டோம்னு அவங்க சொன்னாங்க. போங்கய்யான்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. உங்களைப் பின்னாடி அனுப்பிட்டேன். அப்பா இருந்தா என்னை அறைஞ்சிருப்பார்."

ஆய்வகத்தில் எட்டுப் பேர் நின்றார்கள்.  செவ்தலினாவின் கை அவர் கையில் வியர்த்தது. இத்தனை மாதமாக யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள்.  அந்த நாளில் கேட்டவருக்குச் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"மன்னிச்சாச்சு" என்றாள். "கடவுளும் மன்னிக்கட்டும்."

கின்கா மூக்கை உறிஞ்சினாள். தட்டை நீட்டினாள். வீட்டுக்கு நடக்கும்போது செவ்தலினாவுக்கு உடம்பு இறகு போல இருந்தது.

அந்த லேசான உணர்வு பத்து நாள் நீடித்தது. பிறகு ரலிட்சா தொலைபேசியில் வந்தாள்.

"அக்கா, நீங்க அந்த ஆளை மன்னிச்சிட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"அவங்க வக்கீல் ஆணையத்துக்கு எழுதியிருக்கார். ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயாச்சாம். நீங்க எல்லார் முன்னாடியும் மன்னிச்சிட்டீங்களாம். எட்டு சாட்சியாம். வழக்கை முடிச்சிடணுமாம்."

செவ்தலினா நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள். 

"ஏன் சொன்னீங்க?" என்று ரலிட்சா கேட்டாள். குற்றம் சொல்வது போல இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"கேட்டா சொல்லணும்ல."

"வேற ஏதாவது சொல்லியிருக்கலாமே. யோசிச்சு சொல்றேன்னு."

"மன்னிப்பு ஞாயிறுக்கு யாராவது யோசிச்சு சொல்றேன்னு சொல்வாங்களா?"

 பிறகு ரலிட்சா, "சரி, அவர் எப்படிக் கேட்டார்னு சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை" என்றாள். செவ்தலினா சொன்னாள். ரலிட்சா திரும்பவும் சொல்லச் சொன்னாள். அதற்குப் பிறகு, "அக்கா, ஒண்ணும் பண்ணாதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

செவ்தலினாவுக்கு அது நல்லதாகப் படவில்லை. பரிசோதனை முடிவு மோசமாக வந்த நோயாளியிடம் டாக்டர் பேசுவாரே, அந்தக் குரல் போல இருந்தது.

"வாயால கெட்டுட்டேன்" என்றாள் அசேனிடம்.

"வேற என்ன பண்ணியிருப்ப? கையைப் பிடிச்சிட்டுக் கேக்கிறவனை, போடான்னா சொல்லுவ?"

"உனக்கு இது வேடிக்கையா இருக்கா?"

"இல்ல" என்றான் அசேன். முதல் தடவையாக அவன் கேலி செய்யவில்லை. "நீ அந்த அறையில இருந்து வந்தா, விளக்கு போட்டாக்கூட கண்ணைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்க. அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ஏப்ரலில் சோபியாவில் அமர்வு. அசேன் முந்தின நாளே பேருந்தில் அவளோடு வந்தான். ஆணையத்தின் கட்டடத்தில் படிக்கட்டு வாசலிலேயே அவனை நிறுத்திவிட்டாள். "நீ வந்தா பேசிடுவ" என்றாள்.

உள்ளே நீளமான மேசை. ஒரு பக்கம் செவ்தலினாவும் ரலிட்சாவும். எதிர்ப்பக்கம் ஒக்னியானும் அவருடைய வக்கீல் தாபகொவும். தாபகொவ் பருத்த மனிதர். நாற்காலியில் உட்காரும்போது அது முனகியது. மேசையின் தலைமாட்டில் ஆணையத்தார் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி வெலிச்கோவா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிறகு அதையே மேசையில் தேடினாள். பக்கத்தில் இருந்தவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"சமாதானத்துக்கு வழி உண்டான்னு முதல்ல பார்க்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றாள் வெலிச்கோவா.

"சமாதானம் ஆயாச்சு" என்றார் தாபகொவ். "என் கட்சிக்காரர் பெரிய மனசோட, நம்ம கிறிஸ்தவ வழக்கப்படி மன்னிப்புக் கேட்டார். இந்த அம்மாவும் பெரிய மனசோட மன்னிச்சாங்க. இனி இங்க நாம என்ன பண்ணிட்டிருக்கோம்னுதான் எனக்குப் புரியல."

வெலிச்கோவா செவ்தலினாவைப் பார்த்தாள். "மன்னிச்சீங்களா?"

 ரலிட்சா எதுவும் சொல்லித் தரவில்லை. "ஆமா" என்றாள். "மன்னிச்சேன். அது பொய் இல்ல. ஆனா நான் இன்னும் பின்னறையிலதான் இருக்கேன்."

தலைவி எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு தன் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டி, மருத்துவரின் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், குளிர்காலத்துல நீங்க அனுப்பின பதில்ல வேலைப் பங்கீட்டுக்காக மாத்தினோம், வேற காரணமே இல்லன்னு இருக்கு. இப்ப மன்னிப்புக் கேட்டாச்சுன்னு இருக்கு. எதற்கு மன்னிப்புக் கேட்டீங்க? வேலையைப் பங்கிட்டதுக்கா?"

ரலிட்சா மேசைக்கு அடியில் செவ்தலினாவின் முழங்காலில் கை வைத்தாள். அவள் இத்தனை நாளும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அந்தக் கையின் அழுத்தத்திலேயே தெரிந்தது.

தாபகொவ் சிரித்தார். "மேடம், அது சம்பிரதாயம். அந்த நாள்ல எல்லாரும் எல்லார்கிட்டயும் எல்லாத்துக்கும் கேக்கறதுதான். நானே என் மாமியார்கிட்ட கேட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்."

மேசையில் சிலர் சிரித்தார்கள்.  அந்த எட்டுப் பேரில் யார் இங்கே வந்து சொல்லப் போகிறார்கள்? அது சம்பிரதாயம் என்றால் சம்பிரதாயம்தான். அவள் மன்னித்ததும் வீண், புகாரும் வீண்.

"நான் உங்களைக் கேக்கல" என்றாள் வெலிச்கோவா. "டாக்டரைக் கேட்டேன்."

ஒக்னியான் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தார். தாபகொவ் அவருடைய சட்டைக் கையை மெல்ல இழுத்தார். ஒக்னியான் தலை நிமிரவில்லை. செவ்தலினா அவருடைய காதைப் பார்த்தாள். மடல் சிவந்துகொண்டே வந்தது.

"டாக்டர், நீங்க பதில் சொல்லியாகணும்னு இல்ல" என்றார் தாபகொவ்.

"இல்லங்க" என்றார் ஒக்னியான்.  "நான் எதுக்கும் கேக்கலன்னு சொன்னா, அவங்க மன்னிச்சதும் எதுக்கும் இல்லன்னு ஆயிடும். எனக்கு அது வேணும்."

"எது வேணும்?"

"அந்த மன்னிப்பு." அவர் நிமிர்ந்தார். "நோயாளிங்க சொன்னாங்க, இவங்க ஜிப்சி, கையைத் தர மாட்டோம்னு. நான் எதிர்த்துப் பேசல. இவங்களை உள்ள அனுப்பிட்டேன். அதுக்குத்தான் கேட்டேன். வேலைப் பங்கீடுன்னு எழுதினது… அது நான் எழுதல, ஆனா படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

தாபகொவ் நாற்காலியில் சாய்ந்தார். அது மறுபடியும் முனகியது. அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தனக்குள் சொல்வது போல, "மாமியார்கிட்டயே நிறுத்தியிருக்கணும்" என்றார்.

வெலிச்கோவா இடைவேளை கொடுத்தாள்.

தாழ்வாரத்தில் தாபகொவ் ரலிட்சாவை ஓரமாக அழைத்துப் பேசினார். ரலிட்சா திரும்பி வந்தாள். "அக்கா, ஒரு நல்ல தொகை தர்றாங்களாம். நீங்க வேலையை விட்டுடணும். நல்லபடியா சான்றிதழ் எழுதித் தருவாங்க. வெளியில பேசக் கூடாது. இதை உங்ககிட்ட சொல்றது என் கடமை. நல்ல தொகைதான், பொய் சொல்ல மாட்டேன்."

செவ்தலினா ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே அசேன் படிக்கட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். தோலைக் கையில் சேர்த்து வைத்திருந்தான். சோபியா என்பதால் தரையில் துப்பவில்லை.

"வாங்கிட்டு எங்க போவேன்?" என்றாள். "எல்லா ஆய்வகத்திலயும் ஒரு பின்னறை இருக்கும்."

"அப்ப நாற்காலி?"

"நாற்காலி. இன்னொண்ணும் வேணும்."

உள்ளே திரும்பியதும் அதை அவளே சொன்னாள். ரலிட்சா சொல்லட்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் தலைவி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"இனி யாராவது என் கையில ரத்தம் கொடுக்க மாட்டேன்னு சொன்னா" என்றாள் செவ்தலினா, "கின்கா அக்கா பதில் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். டாக்டர் அவர் அறையில இருந்து வந்து, அவர் வாயால சொல்லணும். இங்க எடுக்கறது இவங்கதான், பிடிக்கலன்னா வேற இடத்துக்குப் போங்கன்னு. என் கண்ணு முன்னாடியே சொல்லணும்."

"வராதவங்க வராமலே போயிடுவாங்க" என்றார் ஒக்னியான். மறுப்பாக இல்லை, கணக்குப் பார்ப்பது போலச் சொன்னார். "சங்கம் மொத்தமா வேற இடத்துக்குப் போயிடலாம்."

"போகலாம்" என்றாள் செவ்தலினா.

"எனக்குச் சண்டை போட வராது."

"சண்டை வேண்டாம் டாக்டர். ஒரு வாக்கியம்தான்."

வெலிச்கோவா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிப்பா, இருமலா தெரியவில்லை. "எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். ஒக்னியான் தலையை இட வலமாக ஆட்டினார், அந்த நாட்டில் சரி என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவார்கள். எழுதினார்கள். வெளியில் பேசக் கூடாது என்ற வரியைத் தாபகொவ் உள்ளே நுழைக்கப் பார்த்தார். "நானா போய்ப் பேச மாட்டேன்" என்றாள் செவ்தலினா. "யாராவது கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்." அந்த வரி போய்விட்டது. ஒப்பந்தத்தை ஆணையம் தன் முடிவாக ஏற்றுக்கொண்டது. அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதும் ஆணையத்தின் பொறுப்பு என்று ரலிட்சா விளக்கினாள். செவ்தலினா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் அசேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கையில் மிச்சமிருந்த விதைகளை அவள் கையில் கொட்டினான்.

"ஜெயிச்சியா?" என்றான் கடைசியில்.

"தெரியல. நாற்காலி கிடைச்சிடுச்சு."

"டாக்டர்?"

"ஒத்துக்கிட்டார்."

"அவனா? சூப்பு ஆளா?"

"அவர்தான்" என்றாள் செவ்தலினா. சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பேருந்தில் ஏறியதும் தூங்கிப்போனாள். ஸ்தாரா ஸாகொராவில் ஆள் ஏறி இறங்கியதும் தெரியாது. யாம்போலில் அசேன் எழுப்பியபோது வாய் திறந்திருந்தது, கன்னத்தில் இருக்கையின் தையல் பதிந்திருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் முன்னறைக்குத் திரும்பினாள். புதிய பெண் சண்டை எதுவும் போடாமல் இடத்தை விட்டுக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னறை பிடித்திருந்ததாம், யாரோடும் பேச வேண்டாமாம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. சங்கத்து ஆட்களில் சிலர் வரவில்லை. சிலர் வந்து, அவளைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிவிட்டுப் போனார்கள். செவ்தலினா ஒவ்வொரு காலையிலும் கதவு திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தலைக்குமேல் எதுவோ தொங்கிக்கொண்டிருப்பது போலவும் அது விழுந்துவிட்டால் தேவலை என்பது போலவும் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். நல்ல கோட்டு, பளபளக்கும் காலணி. நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"வேற யாரும் இல்லையா?"

"ஏன் சார்?"

"அந்தப் பொண்ணு இருந்துச்சே. வெளுத்த முடி."

"அவங்க உள்ள வேலையா இருக்காங்க."

"பரவாயில்ல, நான் காத்திருக்கேன்."

செவ்தலினா ரப்பர் பட்டையைத் தட்டில் வைத்தாள். கதவைத் திறந்து கின்காவைப் பார்த்தாள். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கின்கா தொலைபேசியை எடுத்தாள். "டாக்டர், வாங்க" என்றாள். "ஆமா. அதுதான்."

ஒக்னியான் வந்தார். காலை உணவின் நடுவில் எழுந்து வந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டில் பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தின் துகள்கள் ஒட்டியிருந்தன. கோட்டுக்காரருக்கு முன்னால் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டார்.

"இங்க ரத்தம் எடுக்கறது இவங்கதான்" என்றார். "இவங்ககிட்ட கொடுக்க விருப்பம் இல்லன்னா, நீங்க வேற இடத்துக்குப் போகலாம்."

"நான் உங்க அப்பா காலத்துல இருந்து வர்றேன்."

"தெரியும்."

"அப்புறம்?"

அவருக்கு அதற்குமேல் வாக்கியம் கிடையாது. ஒரு கணம் செவ்தலினாவைப் பார்த்தார். அவள் உதவவில்லை. 

"அவ்வளவுதான்" என்றார் ஒக்னியான்.

கோட்டுக்காரர் சட்டைக் கையை இறக்கினார். பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வாசல் கதவு பெரிய ஓசையோடு சாத்திக்கொண்டது. வெளியே கின்கா, காத்திருந்தவர்களிடம், "காத்துல சாத்திக்கிச்சு" என்றாள்.

"போயிட்டார்" என்றார் ஒக்னியான்.

"போயிட்டார்."

"இன்னும் போவாங்க."

"போவாங்க டாக்டர்."

அவர் தலையை ஆட்டினார். கோட்டில் இருந்த துகள்களை இப்போதுதான் பார்த்துத் தட்டிவிட்டுக்கொண்டார். "செத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். "சாகல." அறைக்குத் திரும்பிப் போனார். போகும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது போல அவளுக்குத் தோன்றியது. அது அவளுடைய கற்பனையாகவும் இருக்கலாம்.

செவ்தலினா மேசையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.  விழ வேண்டியது விழுந்துவிட்டது, தலை அப்படியே இருந்தது.

"அடுத்தது யாரு?" என்றாள்.

ஒரு பெண் உள்ளே வந்தாள். சந்தையில் இருந்து நேராக வந்திருப்பாள் போல. ஒரு பெட்டி நிறைய மிளகாய் நாற்றுகள். அதை நாற்காலியின் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாற்று வாங்குகிற அவசரத்தில் வெறும் வயிறாக வந்ததே நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டு, பனி இன்னொரு தடவை வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை, இவளுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"வராதுன்னு நெனக்கிறேன்" என்றாள் செவ்தலினா.

"அப்படின்னா நாளைக்கே நட்டுடறேன்."

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடி, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் மண் ஒட்டியிருந்தது. செவ்தலினா அதைத் துடைத்தாள். பட்டையைக் கட்டினாள். விரல் நுனியால் நரம்பைத் தேடினாள். உடனே கிடைத்தது.

"கையை மூடிக்கோங்க" என்றாள்.